அந்த முப்பத்திரண்டு படியைக் கூட்டியது நான்தான்

தம்பி,

போன புதன்கிழமை நீ போன் பண்ணினாய். "அம்மா, ஒரு கூத்தைக் கேளு. நான் யாரையும் வேலைக்கு வைக்கவே இல்ல. ஆனா ஓனரம்மா என்னைக் கூப்புட்டு, உங்க ரூமைக் கூட்ட வந்த அம்மா நல்ல சுத்தம், வாரா வாரம் வரச் சொல்லுங்கங்கறாங்க. கட்டில் மேல யாருதோ ஒரு நீல ஸ்வெட்டர் வேற கெடக்கு" என்று சொல்லிச் சிரித்தாய். நானும் "ஆள் மாறி வந்திருப்பாங்கப்பா" என்றேன். அடுப்பில் பால் பொங்குகிறது என்று சொல்லி போனை வைத்தேன். பாலும் இல்லை, பொங்கவும் இல்லை. அந்த வேலைக்காரி நான்தான். அந்த வீட்டின் முப்பத்திரண்டு படியையும் மேலிருந்து கீழ்வரை குனிந்து கூட்டியது உன்னைப் பெற்றவள்.

இதைப் போனிலேயே சொல்லித் தொலைத்திருக்கலாம். ஆனால் போனில் நான் எதைச் சொன்னாலும் நீ "சரிம்மா, சரிம்மா" என்பாய். திட்டினாலும் சரிம்மா, அழுதாலும் சரிம்மா. அதைக் கேட்டுக் கேட்டு எனக்கு இப்போது பற்றிக்கொண்டு வருகிறது. அதனால்தான் எழுதுகிறேன். இந்த எஸ்டேட் லயத்து வரிசையில் யாருக்கு மனு எழுத வேண்டும் என்றாலும் என்னிடம்தான் வருவார்கள் என்பது உனக்குத் தெரியும். ரேஷன் கார்டில் பெயர் சேர்க்க, யானை இடித்த சுவருக்கு நஷ்ட ஈடு கேட்க, பஸ்ஸை இன்னும் இரண்டு வளைவு மேலே வரச் சொல்ல என்று எத்தனையோ எழுதியிருக்கிறேன். ஒன்பதாவது வரை படித்ததற்கு எனக்குக் கிடைத்த உத்தியோகம் அதுதான். எனக்கென்று மட்டும் ஒரு மனு எழுதியதில்லை. இதை என் முதல் மனு என்று வைத்துக்கொள், உன்னிடம் கொடுக்கிறேன். டூட்டிக்கு நடுவில் படிக்காதே, உட்கார்ந்து படி. உன்னோடு ஹோட்டலில் வேலை செய்கிற பிள்ளைகள் கேட்டால் அவர்களுக்கும் காட்டு. ஒளித்ததெல்லாம் போதும்.

முதலில் நான் ஒளித்ததைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு ஐம்பத்தெட்டு முடிகிறது. வருகிற மார்ச் முப்பத்தொன்று எஸ்டேட் வேலையில் எனக்குக் கடைசி நாள். அன்றைக்கே காம்பராவைக் காலி பண்ணிச் சாவியை ஆபீஸ் மேசையில் வைத்தால்தான் எனக்குச் சேர வேண்டியது சேரும் என்று ஜனவரியிலேயே சொல்லிவிட்டார்கள். காம்பரா என்கிற சொல்லை நீ வெளியே யாரிடமும் சொல்லமாட்டாய் என்று தெரியும். லயத்தில் குடும்பத்துக்கு ஒன்று என்று கொடுக்கிற ஒற்றை அறைக்கு சிலோனில் அதுதான் பேர். கப்பலேறி வந்தபோது நாங்கள் கொண்டுவந்தது இரண்டு தகரப்பெட்டியும் இப்படி நாலு வார்த்தையும்தான். நீ பிறந்தது அந்தக் காம்பராவில், உன் அப்பா கண்ணை மூடியதும் அதில். பொங்கலுக்கு நீ வந்தபோதே சொல்ல நினைத்தேன். இரண்டு நாள் லீவில் வந்தவன், சாப்பிட்டதும் வாயைத் திறந்துகொண்டு தூங்கினாய். களைத்துப்போன பிள்ளையிடம் இதைச் சொல்லுவானேன் என்று விட்டுவிட்டேன். கூடலூரில் வாடகைக்கு ஏதாவது பார்க்கலாம் என்று விசாரித்தும் பார்த்தேன். தனியாக இருக்கிற பொம்பளைக்கு, அதுவும் வேலை இல்லாதவளுக்கு, வீடு தர யோசிக்கிறார்கள். முப்பது வருஷத்துக்கு மேல் தேயிலைக் கொழுந்து கிள்ளிய கைக்கு ஒரு கதவு திறக்க இத்தனை யோசனை.

அப்போதுதான் உன் வீடு ஞாபகம் வந்தது. நீ ஊட்டியில் தனி வீடு எடுத்து இது மூன்றாவது வருஷம். ஒரு ஓரத்தில் எனக்குப் பாய் விரிக்க இடம் இருக்குமா என்று நேரில் பார்த்துவிட்டு, உன் முகத்துக்கு நேராகச் சொல்லலாம் என்று நினைத்தேன். செவ்வாய்க்கிழமை லீவு சொல்லிவிட்டு முதல் பஸ்ஸில் கூடலூர் போய், அங்கிருந்து ஊட்டி பஸ் ஏறினேன். மடியில் பை, பைக்குள் கொஞ்சம் நெத்திலிக் கருவாடு, நம் வாசல் கொடியில் காய்த்த இரண்டு மேரக்காய். எங்கேயாவது தொலைத்துவிடுவேன் என்று சொல்லி நீ என்னிடம் கொடுத்து வைத்த இன்னொரு சாவி முந்தானை முடிச்சில் இருந்தது. உனக்குக் காலை டூட்டி என்று தெரியும். நீ வருவதற்குள் சமைத்து வைத்து உன்னை அசத்த வேண்டும் என்று நடுவட்டம் தாண்டும்வரை எனக்குள்ளேயே சிரித்துக்கொண்டு வந்தேன்.

மார்க்கெட்டுக்கு மேலே அந்த ஏற்றத்தில் இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கினேன். நீ போட்டோ அனுப்பிய பச்சை கேட்டைக் கண்டுபிடித்து, படி ஏறி, மேல்மாடியில் உன் கதவைத் திறந்தேன். எனக்குச் சிரிப்பதா கோபப்படுவதா என்று தெரியவில்லை. கட்டிலில் உட்கார்ந்தால் கை எட்டுகிற தூரத்தில் அடுப்பு, அடுப்புக்குப் பக்கத்தில் பாத்திரம் கழுவுகிற தொட்டி, அதற்கு எதிரே குளியலறைக் கதவு. ஒரே அறை. ஜன்னல் பக்கச் சுவர் முழுக்கக் கறுப்பாகப் பூஞ்சை. இதற்குப் பேர் ஸ்டூடியோவாம்! எனக்குத் தெரிந்து ஸ்டூடியோ என்றால் கல்யாணப் போட்டோ பிடிக்கிற இடம். அப்பனும் ஆத்தாளும் ஆயுசு முழுக்க எந்த ஒற்றை அறையிலிருந்து உன்னை வெளியே தள்ளப் பாடுபட்டார்களோ, அதே ஒற்றை அறையை இங்கிலீஷில் பேர் மாற்றி, உன் சம்பளத்தில் பாதியை வாங்கிக்கொண்டு உனக்கே கொடுத்திருக்கிறார்கள். நம் காம்பராவுக்கு முன்னால் கால் நீட்டி உட்கார ஒரு தாழ்வாரமாவது உண்டு. உனக்கு அதுவும் இல்லை.

ஆனாலும் அது உன் இடம் என்று நினைத்தபோது மனசு நிறைந்ததையும் சொல்ல வேண்டும். உன் சட்டைகள் வரிசையாகத் தொங்கின. அலமாரியில் அப்பாவின் போட்டோ. கட்டிலுக்கும் தொட்டிக்கும் நடுவே முழம் போட்டுப் பார்த்தேன். சரியாக நாலு முழம் இருந்தது. நான் நாலு முழம் உயரமில்லை. நமக்குப் போதும் என்று எழுந்தபோதுதான் கதவின் உள்பக்கம் ஒட்டியிருந்த காகிதத்தைப் பார்த்தேன். அசைவம் சமைக்கக் கூடாது. ஒருவர் மட்டுமே தங்கலாம். விருந்தினர், உறவினர் தங்க அனுமதி இல்லை. மாலை ஏழு மணிக்கு மேல் துணி துவைக்கக் கூடாது. சுவரில் ஆணி அடிக்கக் கூடாது. கடைசியில், மீறினால் உடனே காலி செய்ய வேண்டும் என்று சிவப்பு மையில் கோடு வேறு. கருவாட்டுப் பொட்டலத்தை என் கை தானாகவே பையின் அடிக்குத் தள்ளியது. அந்தக் கையைத்தான் முதலில் அடிக்க வேண்டும்.

சரியாக அந்த நேரத்தில்தான் ஓனரம்மா வந்தார். கதவு திறந்திருப்பதைப் பார்த்துவிட்டு மேலே ஏறி வந்திருக்கிறார். நல்ல சால்வை போர்த்தியிருந்தார், கோயமுத்தூர்ப் பக்கத்துப் பேச்சு.

"ஏனுங்க, ஆருங்க நீங்க? தம்பி டூட்டிக்குப் போயிருச்சுங்களே."

எனக்கு முன்னால் அந்தக் காகிதம். உறவினர் தங்க அனுமதி இல்லை. இவள் அம்மா, இன்றைக்குப் பார்க்க வந்தவள், நாளைக்குப் பெட்டியோடு வருவாள் என்று அந்தம்மா நினைத்துவிட்டால் உன் வீடு போய்விடுமே என்று ஒரு நொடியில் தோன்றியது.

"வேலைக்கு வந்திருக்கேங்க. சார் ரூமைக் கூட்டிப் பெருக்க" என்றேன்.

சார்! பெற்ற பிள்ளையை நான் சார் என்றேன், தம்பி. துரை பங்களா வாசலில்கூட இவ்வளவு சுலபமாக என் வாயில் அந்த வார்த்தை வந்ததில்லை. அந்தம்மா முகத்தில் இருந்த மரியாதை அப்படியே வழித்து எடுத்ததுபோலப் போய்விட்டது.

"அப்பிடியா? செரி, செரி. அப்ப அந்தப் படியையும் ஒருக்கா கூட்டி உட்டுட்டுப் போயிரு. வழக்கமா வர்றவளுக்கு முதுகு புடிச்சுக்கிச்சு, நாலு நாளா ஆளக் காணோம்" என்றார்.

நான் மாட்டேன் என்று சொல்லவில்லை. விளக்குமாறு எங்கே இருக்கிறது என்று கேட்டேன். முப்பத்திரண்டு படி. மூலை மூலையாகக் கூட்டினேன். எண்ணிக்கொண்டே கூட்டியதால்தான் எத்தனை என்று தெரியும். படிக்கு அடியில் இருக்கிற பொந்தில்கூடக் கையை விட்டு ஒட்டடை எடுத்தேன். அது எதற்கான இடம் என்று அப்போது எனக்குத் தெரியாது.

வேலை முடிந்ததும் அந்தம்மா காகிதக் கப்பில் டீ கொடுத்தார். கெட்டவர் என்று சொல்லமாட்டேன். கெட்டவராக இருந்தால் கோபப்படுவது சுலபம். வாசலில் நின்று சாவகாசமாகப் பேசினார். "வாரா வாரம் வந்துரு. ஏப்ரல் ஒண்ணாந்தேதிலிருந்து மட்டும் வரவேண்டாம். தம்பி காலி பண்ணீரும். சீசனுக்கு ரூமை டூரிஸ்ட்டுக்கு உட்டுருவோம். ஜூன்ல திரும்பி வந்துரும். சாமானெல்லாம் இந்தப் படிக்கு அடியில கட்டி வெச்சுக்கும். ரெண்டு வருசமா அப்பிடித்தான். தங்கமான பையன், வாயே தொறக்காது" என்றார்.

"அந்த ரெண்டு மாசம் எங்கங்க தங்குவாரு?" என்று கேட்டேன்.

"அதாரு கண்டா? ஓட்டல்லயே எங்கியாச்சும் படுத்துக்கும்" என்றார். அப்புறம் உள்ளே போய், போன சீசனில் வந்த யாரோ விட்டுவிட்டுப் போன அந்த நீல ஸ்வெட்டரைக் கொண்டுவந்து, "குளுருக்குப் போட்டுக்க" என்று என் கையில் கொடுத்தார். நான் வாங்கிக்கொண்டு கும்பிட்டேன். டீயும் குடித்தேன்.

எனக்கு அப்போதுதான் எல்லாம் விளங்கியது. போன இரண்டு வருஷமும் ஏப்ரல் வந்தால் "சீசன்மா, ஹோட்டல்ல என்னைய விடவே மாட்டேங்கறாங்க, நான் இல்லாம ஒண்ணும் நடக்காதுன்னு அங்கேயே தங்கச் சொல்றாங்க" என்று பெருமையாகச் சொன்னாயே. நானும் அதை நம்பி, கொழுந்து நிறுக்கிற இடத்தில் நின்று எல்லாரிடமும் பீற்றிக்கொண்டேனே. ஒரு தடவை நீ வீடியோவில் பேசியபோது உன் பின்னால் அடுக்குக் கட்டிலும், மூட்டை மூட்டையாக அழுக்குப் படுக்கை விரிப்பும் தெரிந்தது. ஏதோ மெஷின் ஓடுகிற சத்தத்தில் நீ பேசியது பாதி கேட்கவில்லை. என்னடா இது என்றதற்கு பிரண்டு ரூம் என்றாய். துணி வெளுக்கிற அறைக்குப் பக்கத்தில் ஏழெட்டுப் பேரோடு இரண்டு மாதம் படுத்துக் கிடந்திருக்கிறாய். ஊரெல்லாம் இருந்து வருகிறவர்களுக்குச் சிரித்த முகத்தோடு ரூம் சாவி எடுத்துக் கொடுப்பது உன் வேலை. ஆனால் உன் ரூம் சாவியை எவனோ வைத்துக்கொண்டு உன் கட்டிலில் படுத்திருப்பான். இது எந்த ஊர் நியாயம்?

சீசனாம் சீசன். பூ பார்க்க வருகிறவன் வரட்டும், நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் பத்து மாதம் மழையிலும் பனியிலும், பைப்பில் தண்ணீர் உறைகிற டிசம்பரிலும் அந்த ஈரச் சுவரோடு குடித்தனம் பண்ணுகிறவன் நீ. வெயில் வந்து சுவர் காய்கிற இரண்டு மாதம் மட்டும் நீ வேண்டாதவன். ஒருத்தன் இரண்டு நாள் தங்கிக் கொடுப்பது நீ மாதம் பூராவும் கொடுப்பதற்குச் சமம் என்றால், அது அவன் பையின் கனம், உன் குற்றமா? கவாத்து வெட்டும்போது தேயிலைச் செடியை எவ்வளவு மொட்டையாக வெட்டினாலும் அதே குழியில்தான் விட்டு வைப்போம். பிடுங்கிப் படிக்கு அடியில் போட்டுவிட்டு ஜூனில் எடுத்து நட யாரும் வருவதில்லை. செடிக்கு இருக்கிற உரிமைகூட ஒரு குடித்தனக்காரனுக்கு இந்த ஊரில் இல்லையா? ஊட்டியில் பாதிப் பேர் இப்படித்தான் பண்ணுகிறார்கள் என்று நீ சொல்வாய். பாதிப் பேர் பண்ணினால் தப்பு பாதியாகிவிடுமா?

அந்தம்மா கீழே போனதும் நான் மறுபடி மேலே வந்து உன் அலமாரியைக் குடைந்தேன். உன்னைக் கேட்காமல் குடைந்ததற்கு மன்னிப்பெல்லாம் கேட்கமாட்டேன். மனு எழுதுகிறவளுக்குக் காகிதம் எங்கே இருக்கும் என்று தெரியும். துணிக்கு அடியில் பிளாஸ்டிக் கவரில் உன் வாடகைப் பத்திரம் இருந்தது. வரி வரியாகப் படித்தேன். ஜூன் ஒன்று முதல் பதினோரு மாதம் என்று போட்டிருக்கிறது. விரலை மடக்கி எண்ணிப் பார். பதினோராவது மாதம் ஏப்ரல். ஏப்ரல் முப்பதுவரை அந்த அறை உன்னுடையது என்று அந்தம்மாவே கையெழுத்துப் போட்டிருக்கிறார். இன்னொன்று, அது கடையில் வாங்கிய அச்சுப் பத்திரம். வாடகைதாரரும் அவர் குடும்பத்தினரும் குடியிருக்க மட்டும் பயன்படுத்த வேண்டும் என்று அதில் இருக்கிறது. ஒருவர் மட்டும் என்பது கதவில் ஒட்டிய காகிதத்தில்தான், கையெழுத்துப் போட்டதில் இல்லை. நீ டிகிரி படித்தவன். ஹோட்டலில் வெள்ளைக்காரனுக்கு, பதினோரு மணிக்கு ரூமைக் காலி பண்ண வேண்டும் என்று இங்கிலீஷில் சட்டம் சொல்கிறவன். உன் சொந்தப் பத்திரத்தை ஒரு தடவை படிக்கத் தோன்றவில்லையா உனக்கு? இரண்டு வருஷம் வாய் திறக்காமல் சாமானைக் கட்டினாயே, உனக்கு என்ன வாயில் கொழுக்கட்டையா?

இப்படி உன்னைத் திட்டிக்கொண்டே பஸ் ஸ்டாண்டுக்கு இறங்கி வந்தேன். உன்னைப் பார்க்காமலேயே வந்துவிட்டேன். ஸ்வெட்டரைக் கட்டிலில் எறிந்துவிட்டு, மேரக்காயையும் கருவாட்டையும் திரும்பத் தூக்கிக்கொண்டு வந்தேன். பஸ் பைக்காரா வரும்வரை உன் மேல்தான் கோபம். அப்புறம் அந்தம்மா சொன்னது மறுபடி காதில் கேட்டது. தங்கமான பையன், வாயே தொறக்காது. அந்த வாயை மூடியது யார் என்று அப்போதுதான் ஞாபகம் வந்தது.

உனக்கு ஞாபகம் இருக்கிறதோ என்னமோ. நீ இரண்டாவது படித்தாய். நம் தேயிலைத் தூளை வாங்குகிற வெளிநாட்டுக் கம்பெனியிலிருந்து எஸ்டேட்டைப் பார்க்க ஆட்கள் வருகிறார்கள் என்று ஒரு வாரம் ஒரே அமர்க்களம். லயத்துக்கு முன்பக்கம் மட்டும் வெள்ளை அடித்தார்கள். வருஷக்கணக்காகக் கேட்டும் வராத குழாயில் அன்று காலை தண்ணீர் வந்தது. ஒரு காம்பராவில் கூட்டமாகத் தெரியக்கூடாது என்று நம்மோடு இருந்த உன் சித்தப்பா குடும்பத்தை இரண்டு நாளைக்குப் பிள்ளை மடுவத்தில், அதுதான் கைக்குழந்தைகளை விட்டுவிட்டு மலைக்குப் போகிற கொட்டகை, அங்கே போய்ப் படுக்கச் சொன்னார்கள். கேட்டா எல்லாம் இருக்குன்னு சொல்லணும் என்று மேஸ்திரி எங்களுக்குப் பாடம் நடத்தினார். வந்தவர்களில் ஒரு அம்மாவுக்குத் தமிழ் தெரிந்திருந்தது. நம் வாசலில் குனிந்து, உன் கன்னத்தைத் தொட்டு, "தண்ணி எங்கேர்ந்து பிடிப்பீங்க, கண்ணு?" என்று கேட்டார்.

"இன்னிக்குத்தான் கொழாய்ல வந்துச்சு. டெய்லி அம்மா ஓடைக்குப் போவாங்க" என்று நீ ஆரம்பித்தாய். நான் உனக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். உன் கையின் உள்பக்கம், சதை இருக்கிற இடமாகப் பார்த்துக் கிள்ளினேன். லேசாக இல்லை. கொழுந்து கிள்ளுகிற கை, நகம் எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும். கண்ணில் தண்ணீர் முட்ட நீ பேச்சை நிறுத்தினாய். அப்புறம் "கொழாய்லதான்" என்றாய். எல்லாரும் சிரித்தார்கள். "நல்ல பையன்" என்று மேஸ்திரி உன் தலையைத் தடவினார். மறுநாள் குழாய் நின்றுவிட்டது. உன் கை கன்றிப்போய் நாலு நாள் இருந்தது, நான் எண்ணெய் தடவினேன். "புள்ள உண்மையத்தானடி சொன்னான்" என்று மட்டும் உன் அப்பா கேட்டார். அதற்கப்புறம் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. எல்லாம் உன் நல்லதுக்குத்தான் என்று அவரிடம் சண்டை போட்டேன். வீடு போய்விடுமே என்கிற பயம்தான், வேறென்ன?

எனக்கு அந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்றும் தெரியும். நாங்கள் சிலோனிலிருந்து இந்த எஸ்டேட்டுக்கு வந்தபோது எனக்கு ஒன்பது வயது. கொஞ்ச நாளைக்கு என்று சொல்லி, ஏற்கெனவே ஆள் இருக்கிற காம்பராவில் எங்களையும் விட்டார்கள். நடுவில் ஒரு சேலையைக் கட்டி, அந்தப் பக்கம் அவர்கள், இந்தப் பக்கம் நாங்கள். அந்தக் கொஞ்ச நாள் ஆறு வருஷம் ஆனது. வேறு கொடுங்கள் என்று என் அப்பா ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. "சரிங்க தொரை" என்பதைத் தவிர அவர் வாயில் வேறு பேச்சை நான் கேட்டதில்லை. அங்கிருந்தும் அனுப்பிவிட்டார்கள், இங்கிருந்தும் அனுப்பிவிட்டால் எங்கே போவது என்று அவர் நினைத்திருப்பார். அதில் அர்த்தம் இருந்தது. அந்தப் பயத்தை அவரிடம் நான் வாங்கி, உனக்குக் கிள்ளிக் கொடுத்தேன். இன்றைக்கு நீ அதை வைத்துக்கொண்டு படிக்கு அடியில் சாமானைக் கட்டுகிறாய். நான் உனக்குச் செய்த பெரிய கெடுதல் இது. இதைச் சொல்ல எனக்கு இருபது வருஷம் ஆகியிருக்கிறது.

நேற்று ஆபீஸுக்குப் போய், ரைட்டரிடம் இரண்டு மாதம் தவணை கேட்டேன். ஜூன் வந்துவிட்டால் பையன் வீட்டுக்குப் போய்விடுவேன் என்றேன். "சட்டம்னா சட்டம்தாங்க அக்கா. உங்க எடத்துக்கு ஏற்கெனவே ஆளு எழுதியாச்சு" என்று சொல்லிவிட்டார். வெளியே வந்தபோது என் மேலேயே எனக்கு ஆத்திரம் வந்தது. மகனை இரண்டு மாதம் தெருவில் நிறுத்துவது சரிதான் என்று ஒத்துக்கொண்டுதானே நானும் ஜூன்வரை தவணை கேட்டேன்? ஏப்ரலில் எனக்கும் வீடு இல்லை, உனக்கும் வீடு இல்லை. இதை நீ என்னிடம் மறைத்தாய், நான் உன்னிடம் மறைத்தேன். நல்ல தாய், நல்ல பிள்ளை!

அதனால் இப்போது நான் சொல்வதைக் கேள். இதற்குச் சரிம்மா என்று சொல்ல வேண்டாம், செய்தால் போதும். சாமானைக் கட்டாதே. அப்பா போட்டோவை அலமாரியிலிருந்து எடுக்காதே. பத்திரத்தை இரண்டு பிரதி எடுத்து வை. அந்த நீல ஸ்வெட்டரைத் தோய்த்து மடித்து வை, போட்டுக்கொள்ளாதே. கதவில் இருக்கிற காகிதத்தைக் கிழிக்க வேண்டாம், நான் வந்து பார்த்துக்கொள்கிறேன். மே மாதம் என்ன ஆகும் என்று கேட்காதே, எனக்குத் தெரியாது. சீசனில் ஊட்டியில் வேறு வீடு கிடைப்பது குதிரைக் கொம்புதான். ஜூனில் உனக்கு அந்தம்மா மறுபடி பத்திரம் போடாமலும் போகலாம். உன் வீட்டைக் காப்பாற்றுகிறேன் என்று நானே கெடுத்ததாகவும் ஆகலாம். இரண்டு நாளாக இதையெல்லாம் யோசித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். ஏப்ரல் முப்பதுவரை நமக்குக் காகிதம் இருக்கிறது. என் அப்பாவுக்கு அதுகூட இருந்ததில்லை.

முப்பத்தொன்றாம் தேதி சாயங்காலம் இங்கே சாவியைக் கொடுத்துவிடுவேன். அன்று ராத்திரி பக்கத்துக் காம்பராவில் படுத்துவிட்டு, ஏப்ரல் ஒன்றாம் தேதி முதல் பஸ் ஏறுவேன். பதினோரு மணிக்குள் உன் பச்சை கேட்டுக்கு வந்துவிடுவேன். அன்றைக்கு லீவு போடு, சீசன் என்று சாக்குச் சொல்லாதே. உன் சாவி என் முந்தானையில் இருக்கிறது, ஆனாலும் நான் நேரே மேலே ஏறமாட்டேன். முதலில் ஓனரம்மா வீட்டு மணியை அடிப்பேன். ஸ்வெட்டரை அவர் கையில் கொடுத்து, "அன்னிக்கு நான் பொய் சொன்னேங்க. நான் வேலைக்கு வந்தவ இல்ல, இவனோட அம்மா. இங்கதான் இருக்கப் போறேன். வாங்க, பத்திரத்த ஒக்காந்து படிப்போம்" என்று சொல்வேன். அவர் சத்தம் போடுவார். அக்கம்பக்கத்தில் எட்டிப் பார்ப்பார்கள். எனக்கும் அப்போது சொல்ல வந்தது பாதி மறந்து போகும். இந்த வயதில் முதல் தடவை அல்லவா? இந்த வீட்டில் நான் பேசுகிறேன், இனி குடி போகிற வீட்டில் நீ பேசு.

அன்றைக்கு நீ ஒரு வார்த்தையும் பேச வேண்டாம். என் பக்கத்தில் வந்து நின்றால் போதும். நான் பேசிக்கொண்டிருக்கும்போது, பயந்துபோய் என் கையைக் கிள்ளிவிடாதே.

அம்மா